கிடங்கில் கிடக்கும் திறமை யாருக்குச் சொந்தம்?

கிடங்கு நிறையச் சரக்கு வைத்திருப்பவரைப் பெரிய வியாபாரி என்று ஊரார் நினைப்பார்கள். எந்தச் சரக்கு ஓடும், எது தேங்கும், எதை எந்த மாதத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும் என்று அறிந்தவரே வியாபாரி என்பது கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். உளுந்து மூட்டையில் வண்டு விழுந்த பிறகு அதன் கொள்முதல் விலையைச் சொல்லிப் புலம்பிப் பயனில்லை.

அமெரிக்காவில் பேஸ்பால் அணிகளை நடத்தும் நிர்வாகங்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் இதே கணக்கைத்தான் போடுகின்றன. ஆனால் அவர்கள் எண்ணுவது மூட்டைகளை அல்ல, இளைஞர்களை. தங்களிடம் பயிற்சி பெற்று வரும் இளைஞர்களில் யாரைப் பட்டியலில் ஏற்றிப் பாதுகாப்பது, யாரைப் பிறர் எடுத்துப் போகக்கூடிய நிலையில் விடுவது என்று குறித்த நாளுக்குள் முடிவு செய்தாக வேண்டும். தவறினால், ஐந்தாண்டு சோறு போட்டு வளர்த்த ஆளை எதிர்க்கடைக்காரர் விதிப்படியே அழைத்துப் போய்விடுவார்.

'பேஸ்பால் நமக்கு எதற்கு?' என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். ஆட்டத்துக்காக நாம் இதை எழுதவில்லை. பணம் போட்டவருக்கு உள்ள உரிமை எதுவரை, அவரிடம் வேலை கற்றுக்கொண்டவருக்கு உள்ள உரிமை எங்கே தொடங்குகிறது என்ற பழைய கேள்விக்கு அங்கே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விதி நியாயமானது என்பதும், அதை மேலும் தளர்த்த இடம் கொடுக்கக் கூடாது என்பதும் நமது கருத்து. காரணங்களை வரிசையாகச் சொல்கிறோம்.

நாற்பது பேர் பட்டியல்

மேஜர் லீக் எனப்படும் பெரிய லீக்கில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணிக்கும் கீழே மைனர் லீக் எனப்படும் பயிற்சி நிலை அணிகள் நான்கு படிகளில் உண்டு. அவற்றுக்கும் கீழே புதியவர்களுக்கான அணிகள் இருக்கின்றன. 17, 18 வயதில் ஒப்பந்தம் செய்யப்படும் பையன் அடிப்படியில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, பெரிய லீக்கை எட்ட வேண்டும். பெரும்பாலோர் எட்டுவதே இல்லை.

பெரிய அணி ஒரு நாள் ஆட்டத்துக்குக் கையில் வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் 26 பேர். அதற்கு வெளியே இன்னும் 14 பேரைச் சேர்த்து, மொத்தம் 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. நம் பாஷையில் சொன்னால், 26 என்பது கடையின் முன் அலமாரி. 40 என்பது கடைக்குள் இருக்கும் மொத்த இருப்பு. இதற்கு மேல் உள்ளவர்கள் எல்லாம் கிடங்கில் இருப்பவர்கள். 2023-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஓர் அணி அமெரிக்காவுக்குள் தன் மைனர் லீக் கணக்கில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை 180-லிருந்து 165-ஆகக் குறைக்கப்பட்டது. அப்படியும் கிடங்கு பெரிதுதான்.

அலமாரிக்கும் கிடங்குக்கும் உள்ள தூரத்தைச் சம்பளத்தில் பார்க்கலாம். 2023-இல் பெரிய லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,20,000 டாலர். அதே ஆண்டில் மைனர் லீக்கின் மேல் படியில் குறைந்தபட்சம் 35,800 டாலர்; அடிப்படியில் 19,800 டாலர். மேல் படியில் நிற்பவனுக்கும் பெரிய லீக்கில் நுழைந்தவனுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு படி. சம்பளத்திலோ இருபது மடங்கு வித்தியாசம். அந்தச் சம்பளமும் 2023-இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கென முதன்முதலாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு உயர்ந்த சம்பளம். ஆகவே, ஓர் இளைஞனை 'இன்னும் ஒரு வருஷம் கீழேயே இருக்கட்டும்' என்று நிர்வாகம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை, அந்த இளைஞனின் வீட்டில் சாதாரண வார்த்தை அல்ல.

ஐந்தாம் விதி என்ன சொல்கிறது?

18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவங்களுக்குள் நாற்பது பேர் பட்டியலில் ஏற்ற வேண்டும். 19 வயதிலோ அதற்குப் பின்போ ஒப்பந்தமானவரை நான்கு பருவங்களுக்குள் ஏற்ற வேண்டும். நவம்பர் மாதத்தில் அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாளுக்குள் ஏற்றப்படாதவரை, டிசம்பரில் நடக்கும் 'ஐந்தாம் விதித் தேர்வில்' வேறு எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம். போன பருவத்தில் பின்தங்கிய அணிக்கே முதல் வாய்ப்பு.

எடுப்பவருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, அவருடைய நாற்பது பேர் பட்டியலில் காலியிடம் இருக்க வேண்டும். இரண்டாவது, ஆளை வளர்த்த அணிக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது: அடுத்த பருவம் முழுவதும் அந்த ஆளைத் தன் 26 பேரில் வைத்திருக்க வேண்டும், கீழே அனுப்பக் கூடாது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால், முதலில் மற்ற அணிகளுக்குக் காட்ட வேண்டும்; அவர்களும் வேண்டாமென்றால் பழைய முதலாளியிடமே 50,000 டாலருக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும்.

இதில் உள்ள நயத்தைக் கவனியுங்கள். ஒருவருடைய கிடங்கிலிருந்து எடுத்து இன்னொருவருடைய கிடங்கில் போட்டுப் பூட்டிக்கொள்ள இந்த விதி இடம் தருவதில்லை. எடுத்தால் அலமாரியில் வைக்க வேண்டும்; இல்லையேல் தொடக் கூடாது. வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அந்த நாயை எழுப்பிவிடுவதுதான் இந்த விதியின் வேலை. எழுப்பிய இடத்தில் இன்னொரு நாய் வந்து படுக்காமலும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

கிடங்கு கட்டியவரே கிடங்கைத் திறந்த கதை

இப்படியொரு விதிக்குத் தேவை எப்படி வந்தது? வசதி படைத்த அணிகள் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாக ஒப்பந்தம் செய்து கீழே வைத்துக்கொண்டதால் வந்தது. இதைப் பெரிய அளவில் ஏற்பாடாகவே செய்து காட்டியவர் பிராஞ்ச் ரிக்கி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்தபோது, கீழ்நிலை அணிகளைச் சொந்தமாக்கி, பண்ணையில் பயிர் வளர்ப்பதுபோல் ஆட்டக்காரர்களை வளர்த்தெடுத்தார். விலை கொடுத்து வாங்கும் செலவு குறைந்தது. அணியும் வெற்றி பெற்றது. ஆனால் கீழே அடைபட்டவர்களின் நிலை? 1938-இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், கார்டினல்ஸ் அணி விதியை மீறிப் பிடித்து வைத்திருந்ததாகச் சொல்லி, அதன் கீழ்நிலை ஆட்டக்காரர்கள் பலரை ஒரே உத்தரவில் விடுவித்தார். பதுக்கலை ஒழிக்கக் கிடங்கு திறக்கும் அதிகாரியை நாம் அறிவோம். பேஸ்பாலிலும் அப்படி ஒருவர் இருந்தார்.

அதே ரிக்கி பின்னர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குத் தலைமை வகித்தார். 1950-இல் அங்கிருந்து விலகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் நிர்வாகத்துக்கு வந்தார். அங்கிருந்துதான் ஐந்தாம் விதியின் மிகப் பெரிய கதை தொடங்குகிறது.

1954 பிப்ரவரியில் டாட்ஜர்ஸ் அணி, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ரொபெர்ட்டோ கிளெமென்டே என்ற 19 வயது இளைஞரை 10,000 டாலர் முன்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்தது. அன்றைய விதிப்படி, 4,000 டாலருக்கு மேல் முன்தொகை பெற்றவரைப் பெரிய அணியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கீழே அனுப்பினால், அந்தப் பருவம் முடிந்ததும் பிறர் எடுக்கலாம். டாட்ஜர்ஸ் அணியில் ஏற்கெனவே நல்ல ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எனவே கிளெமென்டேயை மான்ட்ரியலில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். அங்கும் அவருக்கு மட்டை பிடிக்கக் கிடைத்த வாய்ப்புகள் சொற்பம். அவரை வேண்டுமென்றே ஒளித்து வைத்தார்கள் என்று ஒரு சாராரும், அப்படியில்லை என்று இன்னொரு சாராரும் இன்றுவரை வாதிடுகிறார்கள். எப்படியானாலும் அவர் அலமாரிக்கு வரவில்லை என்பது உண்மை.

ரிக்கியின் ஆளான கிளைட் சூக்ஃபோர்த், மான்ட்ரியலுக்கு வேறொரு பந்து வீச்சாளரைப் பார்க்கப் போனார். கண்ணில் பட்டவரோ கிளெமென்டே. 1954 நவம்பர் 22 அன்று, கடைசி இடத்தில் இருந்த பிட்ஸ்பர்க் அணி தன் முதல் வாய்ப்பில் 4,000 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது. 10,000 கொடுத்து வாங்கியது 4,000-க்குக் கைமாறியது.

பின்னர் நடந்தது உலகறிந்தது. பிட்ஸ்பர்க் அணிக்காகவே 18 பருவங்கள் ஆடினார். 1960, 1971 ஆகிய ஆண்டுகளில் அந்த அணி உலகத் தொடரை வென்றபோது அதில் இருந்தார். சரியாக 3,000 'ஹிட்'கள் எடுத்தார். 1972 டிசம்பர் 31 அன்று, பூகம்பத்தால் பாதிக்கப்பட்ட நிகரகுவா மக்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசென்ற விமானம் கடலில் விழுந்து உயிரிழந்தார். மறு ஆண்டே அவருக்குப் புகழ் மண்டபத்தில் இடம் அளிக்கப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் டாட்ஜர்ஸ் அணியின் நட்டத்தைப் பற்றியே பேசுவார்கள். நாம் வேறொன்றைச் சுட்டிக் காட்ட விரும்புகிறோம். கிளெமென்டே போன மறு ஆண்டு, 1955-இல், டாட்ஜர்ஸ் அணி புரூக்ளினில் தன் முதல் உலகத் தொடரை வென்றது. சரக்கு நிறைந்த கடை ஒரு மூட்டை போனதால் மூழ்கிவிடவில்லை. ஆனால் கடைசி இடத்தில் இருந்த அணிக்கு அது மறுவாழ்வு. வாய்ப்புக்குக் காத்திருந்த 20 வயது இளைஞருக்கோ அதுவே வாழ்க்கை. விதியால் இழந்தவருக்கு ஏற்பட்ட சேதத்தையும், பெற்றவருக்குக் கிடைத்த பலனையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால், தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நாம் சொல்லத் தேவையில்லை.

நவம்பர் மாதக் கணக்கு

இப்போது நிர்வாகத்தின் பக்கம் நின்று பார்ப்போம். அவர்களுக்கும் இது எளிதான கணக்கு அல்ல.

பருவத்தின் நடுவே நீண்ட நாள் காயத்தில் இருப்பவர்கள் நாற்பதில் சேராமல் தனிப் பட்டியலில் இருப்பார்கள். உலகத் தொடர் முடிந்ததும் அந்தப் பட்டியல் கலைக்கப்பட்டு, அவர்கள் அனைவரும் நாற்பதுக்குள் திரும்பி வருவார்கள். அதே வேளையில்தான் புதிய இளைஞர்களையும் ஏற்ற வேண்டும். ஒருவரை ஏற்ற இன்னொருவரை இறக்க வேண்டும். இறக்கப்பட்டவரை ஏழு நாளுக்குள் விற்க வேண்டும், அல்லது மற்ற 29 அணிகளுக்கும் காட்ட வேண்டும். அவர்களில் எவரும் அவரைச் சும்மா எடுத்துப் போகலாம். ஆக, தெரியாத இளைஞனைக் காப்பாற்றத் தெரிந்த ஆளை இழக்க நேரிடலாம்.

பட்டியலில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. ஏற்றிய நாளிலிருந்து இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அவரை மூன்று பருவங்களில் மட்டுமே தடையில்லாமல் கீழே அனுப்பி மேலே அழைக்கலாம். அதன்பின் கீழே அனுப்புவதென்றால் மற்ற அணிகளுக்குக் காட்டியே அனுப்ப வேண்டும். காலத்துக்கு முன்பே ஏற்றினால் இந்த மூன்று பருவங்கள் வீணாகும். காலம் கடந்து ஏற்ற நினைத்தால் ஆளே இருக்க மாட்டார்.

ஆகவே தேர்ந்த நிர்வாகி, 'இவன் நல்ல ஆட்டக்காரனா?' என்று மட்டும் கேட்பதில்லை. 'எதிர்க்கடைக்காரர் இவனை ஒரு பருவம் முழுவதும் அலமாரியில் வைத்துக்கொள்ள முடியுமா?' என்றும் கேட்கிறார். கீழ்ப்படியில் மட்டுமே ஆடிய 20 வயது மட்டையாளர் எவ்வளவு திறமைசாலியானாலும், அவரைப் பெரிய லீக்கில் ஒரு வருஷம் சும்மா வைத்திருப்பது கடினம். எனவே துணிந்து வெளியே விடுவார்கள். மேல் படிகளில் ஆடிய பந்து வீச்சாளரானால், ஒன்றிரண்டு இன்னிங்ஸ் போட வைத்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம். அவரை வெளியே விடுவது ஆபத்து.

இரண்டும் முடியாதபோது மூன்றாவது வழி பண்டமாற்று. கெடு நெருங்கிய சரக்கைக் கொடுத்து, கெடு தொலைவில் உள்ள சரக்கை வாங்குவது. 2021 நவம்பரில் டாம்பா பே ரேஸ் அணி இதைச் செய்தது. டோபியாஸ் மையர்ஸ் என்ற பந்து வீச்சாளரை அந்த ஆண்டு பட்டியலில் ஏற்றியாக வேண்டும், அவர்களிடம் இடமில்லை. இடம் வைத்திருந்த கிளீவ்லாந்து அணிக்கு அவரைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த ஜூனியர் கமினெரோ என்ற 18 வயதுப் பையனை வாங்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத பையன். ஐந்தாம் விதி அவரைத் தொட இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அந்தப் பையன் 2025 பருவத்தில் 45 'ஹோம் ரன்' அடித்தார். மையர்ஸும் வீணாகிவிடவில்லை, கிளீவ்லாந்தில் நிலைக்காவிட்டாலும், 2024-இல் மில்வாக்கி அணியில் நன்றாகப் பந்து வீசினார். கைமாற்றம் என்பது எப்போதும் ஒருவர் வாழ ஒருவர் கெடுவது அல்ல என்பதற்கும் இது சான்று.

பொறுமைக்குக் கிடைத்த வட்டி

எடுப்பவர் பக்கத்தில் நின்று பார்த்தால், இந்த விதி பொறுமையின் பரீட்சை. வெனிசுவேலாவைச் சேர்ந்த ஜொஹான் சான்டானாவை ஹூஸ்டன் அணி 1995-இல் ஒப்பந்தம் செய்தது. 1999-இல் பாதுகாக்காமல் விட்டது. அந்த டிசம்பரில் முதல் வாய்ப்பு மினசோட்டா அணிக்கு, இரண்டாவது ஃபுளோரிடா அணிக்கு. மினசோட்டாவின் கண் சான்டானா மேல். ஃபுளோரிடாவின் கண் வேறொரு பந்து வீச்சாளர் மேல். இருவரும் பேசி வைத்துக்கொண்டு, அவருக்கு வேண்டியதை இவரும் இவருக்கு வேண்டியதை அவரும் எடுத்து மாற்றிக்கொண்டார்கள். ஃபுளோரிடா அணி மேற்கொண்டு 50,000 டாலரும் கொடுத்தது. அன்று தேர்வுக் கட்டணமே அவ்வளவுதான். அதாவது, சான்டானா மினசோட்டாவுக்குக் கைக்காசு செலவில்லாமல் வந்து சேர்ந்தார்.

2000-ஆம் ஆண்டில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 6.49 ரன் விட்டுக் கொடுத்தார். இந்தக் கணக்கில் எண் குறைவாக இருந்தால்தான் நல்லது, 6.49 என்பது சகிக்க முடியாத எண். வெற்றிக்கு வழியில்லாத பருவம் என்பதால் மினசோட்டா அணி பொறுத்துக்கொண்டது. 2004-இலும் 2006-இலும் அவர் லீக்கின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதைப் பெற்றார்.

அண்மையில் நடந்ததையும் சொல்லலாம். கை அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டுவந்த காரெட் விட்லாக் என்ற பந்து வீச்சாளரை நியூயார்க் யாங்கீஸ் அணி 2020-இல் பாதுகாக்கவில்லை. பரம எதிரியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரை எடுத்தது. 2021-இல் 46 ஆட்டங்களில் அவருடைய சராசரி 1.96. அந்த அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் வாழ்வா சாவா என்று மோதியபோது, பாஸ்டன் அணி 6-2 என்று யாங்கீஸை வெளியேற்றியது. 'காயம் பட்ட ஆளை யார் எடுக்கப் போகிறார்கள்?' என்று நினைப்பது, 'மூட்டை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள்?' என்று நினைப்பது போன்றது. உள்ளே இருப்பது நல்ல அரிசியானால் கேட்பவர் வருவார்.

எதிர்ப்பாளர்கள் சொல்வதும் நமது பதிலும்

முதல் வாதம்: 'பணம் போட்டுப் பயிற்சி கொடுத்தவர் ஒருவர், பலன் இன்னொருவருக்கா?' இந்த வாதத்தை வியாபாரிகளான நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. போட்ட முதலுக்கு மரியாதை வேண்டும். ஆனால் விதி முதலாளிக்கு நான்கு, ஐந்து ஆண்டுகள் முழு உரிமை கொடுக்கிறது. அதன் பிறகும் 'ஏற்றிக்கொள், அவன் உன்னுடையவன்' என்று சொல்கிறது. இவ்வளவு காலம் பார்த்தும், நாற்பதில் ஓர் இடம் தரத் தகுந்தவன் அல்ல என்று முதலாளியே தீர்மானித்த பிறகு, 'வேறு யாரும் தொடக் கூடாது' என்று சொல்வது உரிமை ஆகாது. வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு; பூட்டி வைக்க உரிமை இல்லை.

இரண்டாவது வாதம்: 'டிசம்பரில் எடுக்கப்படுபவர்கள் சொற்பம், அதிலும் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு விதியா?' அண்மை ஆண்டுகளில் பெரிய லீக் தேர்வில் எடுக்கப்படுபவர்கள் பெரும்பாலும் இருபது பேருக்குள்தான் என்பது உண்மை. ஆனால் இந்த விதியின் பலனை டிசம்பரில் தேடுவது தவறு. அது நவம்பரில் கிடைக்கிறது. பிறர் எடுத்துவிடுவார் என்ற பயத்தால் எத்தனை இளைஞர்கள் பட்டியலில் ஏற்றப்படுகிறார்கள், எத்தனை பேர் இடமுள்ள அணிக்கு மாற்றப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எடைக்கல் பரிசோதகர் ஆண்டில் எத்தனை பேரைப் பிடித்தார் என்பதல்ல கணக்கு. அவர் வருவார் என்பதால் எத்தனை தராசுகள் நேராக நிற்கின்றன என்பதே கணக்கு. திரும்பி வந்தவர்களும் கெட்டுப் போய்விடவில்லை. 2018-இல் டொராண்டோவிலிருந்து எடுக்கப்பட்டு, 2019 தொடக்கத்தில் திருப்பி அனுப்பப்பட்ட ஜோர்டன் ரொமானோ, 2022-இல் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். பிறர் வந்து விலை கேட்ட பிறகுதான் சில சரக்கின் அருமை சொந்தக்காரருக்கே தெரிகிறது.

மூன்றாவது வாதம்தான் கனமானது: 'பக்குவப்படாத பையனை எடுத்துப் போய் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்தால், அவன் ஆட்டமே கெட்டுப் போகும்.' இது நடந்திருக்கிறது. 2017-இல் சான் டியேகோ அணி, கீழ்ப்படிகளைத் தாண்டாத மூன்று இளைஞர்களை ஒரே நேரத்தில் பருவம் முழுவதும் வைத்திருந்தது. அவர்களில் அலென் கோர்டோபா என்ற மட்டையாளர் அதற்குப் பின் பெரிய லீக்கில் நிலைக்கவில்லை. லூயிஸ் டோரன்ஸ் என்ற இன்னொருவர், பின்னர் பல ஆண்டுகள் பெரிய லீக்கில் விக்கெட் கீப்பரைப் போன்ற பொறுப்பில் நிலைத்தார். காயைப் பழுக்கும் முன் பறித்தால் சில புளிக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கிளையிலேயே விட்டு அழுகிய பழங்களை யாரும் எண்ணுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவிர, பெஞ்சில் இருந்த அந்த ஓராண்டிலும் அந்த இளைஞனுக்குப் பெரிய லீக் சம்பளம் கிடைக்கிறது.

தளர்த்தியது போதும்

விதி எழுதுவது ஒரு பங்கு. அதைக் கரையாமல் காப்பது ஒன்பது பங்கு. 2006-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், பாதுகாக்காமல் வைத்திருக்கும் காலத்தை ஓராண்டு நீட்டினார்கள். அதற்கு முன் மூன்று, நான்கு ஆண்டுகளாக இருந்தது நான்கு, ஐந்து ஆண்டுகளாக ஆனது. நிர்வாகங்களுக்கு அது ஒரு கூடுதல் தவணை. ஆட்டக்காரனுக்கோ, இளமையில் ஓர் ஆண்டு. ஓடியாடும் தொழிலில் 22 வயதும் 23 வயதும் ஒன்றல்ல.

2021 டிசம்பர் 2 முதல், முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் ஒப்பந்தம் ஏற்படாமல் கதவடைப்பு நடந்தது. அந்த ஆண்டின் பெரிய லீக் தேர்வு முதலில் தள்ளிப்போடப்பட்டது. பின்னர் நடத்தப்படாமலே கைவிடப்பட்டது. மேலே சொன்ன மையர்ஸ், கமினெரோ கைமாற்றம் நடந்தது அந்த நவம்பரில்தான். அணிகள் பயந்து பயந்து கணக்குப் போட்டன. ஆனால் தேர்வே நடக்கவில்லை. பட்டியலில் ஏற்றாமல் விட்டவர்களை இழக்காமல் நிர்வாகங்கள் தப்பித்துக்கொண்டன. வெளியே விடப்பட்ட இளைஞர்களுக்கு வேறு கடையில் வாய்ப்புத் தேடும் ஒரு டிசம்பர் போயே போய்விட்டது. பெரியவர்கள் சண்டையில் நசுங்குவது யார் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அதன்பின் 2022-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைக்கானது. அடுத்த ஒப்பந்தம் எந்த வடிவில் எழுதப்பட்டாலும், அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

ஒன்று, நான்கு, ஐந்து ஆண்டு என்ற கெடுவை மேலும் நீட்டக் கூடாது. முடிந்தால் 2006-க்கு முந்தைய கணக்குக்குத் திரும்ப வேண்டும். ஆட்களை அளந்து பார்க்கும் கருவிகள் பெருகியிருக்கும் காலத்தில், அளந்து முடிக்க அதிக அவகாசம் கேட்பது பொருந்தாது.

இரண்டு, 1,00,000 டாலர் கட்டணம் முழுவதும் பழைய அணிக்கே போகிறது. அதில் ஒரு பங்கு அந்த ஆட்டக்காரனின் கைக்கும் போக வேண்டும். அணி போட்டது பணம். அவன் போட்டது வயது.

மூன்று, முதலாளிகளும் சங்கமும் எதற்காகச் சண்டை போட்டுக்கொண்டாலும், டிசம்பர் தேர்வு நின்றுபோகக் கூடாது. அன்று நடத்த முடியாவிட்டால், சமாதானம் ஆனதும் நடத்த வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை இருப்புக் கணக்கு எடுக்கும்போது நாமெல்லாம் பழகியிருக்கும் ஒரு சங்கடம் உண்டு. இதை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்று முடிவெடுக்க மனம் வராமல், 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று மூலையில் நகர்த்தி வைப்போம். மூட்டை பேசாது, எனவே அது செல்லும். ஐந்தாம் விதி, பேசத் தெரிந்தும் பேச இடமில்லாத ஓர் இளைஞனுக்காக, 'இல்லை, இந்த வருஷமே பார்க்க வேண்டும்' என்று முதலாளியிடம் சொல்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும்வரை அந்த விதிக்கு நமது ஆதரவு உண்டு.